வலது பக்கத்துக் காயில்

இருபத்தேழாவது உதையில் வண்டி ஒரு தும்மல் போட்டு, நொண்டி நொண்டி ஓட ஆரம்பித்தது. அதற்காகச் சந்தோஷப்பட்டுவிட முடியாது. அது இரண்டு சிலிண்டர் வண்டி. இரண்டும் சேர்ந்து ஓடினால் வருகிற சத்தம் அந்தத் தெருவுக்கே தெரியும். இப்போது ஓடியது ஒன்றுதான். இன்னொன்று வாயைத் திறக்கவில்லை. எந்தப் பக்கம் செத்தது என்று பார்க்க அப்பா ஒரு வழி சொல்லிக் கொடுத்திருந்தார். இரண்டு புகைக்குழாயையும் தொட வேண்டும், எது சில்லென்று இருக்கிறதோ அந்தப் பக்கம்தான் கோளாறு. கண்ணாடிக்காரர் போயும் போயும் இடது குழாயை முதலில் தொட்டார்.

"வலது பக்கம்தாம்மா" என்றார், விரலை வாயில் வைத்துக்கொண்டு.

"அது எப்பவுமே வலது பக்கம்தானே" என்றாள் அம்மா. அவள் வாசல்படியில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவள் மகனான கண்ணாடிக்காரர் மெக்கானிக் இல்லை. மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் சோதித்துச் சொல்கிறவர். "இது தெளிவா இருக்கா, இல்ல இதுவா?" என்று வாரத்தில் ஆறு நாள் ஊரார் கண்ணைக் கேட்பதுதான் பிழைப்பு. ஏழாவது நாளும் அதுவுமாக, ஐம்பதைத் தொடப்போகிற வயதில், கிரீஸ் கையோடு அவர் குந்தியிருந்ததற்குக் காரணம் அம்மா. அப்பா போய் இரண்டு மாதமாகிறது. அம்மா அந்த வீட்டில் தன்னந்தனியாக இருக்கிறாள். இரண்டு பஸ் மாறிப் போகவேண்டிய தன் வீட்டுக்கு அவளைக் கூட்டிப் போய்விட அவர் தலைகீழாக நின்று பார்த்தார். அம்மா மாட்டேன் என்று ஒருநாளும் சொல்லவில்லை. ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டாள்.

"கார்ல எல்லாம் ஏறமாட்டேன். இந்த வீட்டுக்கு நான் வந்தது உங்கப்பா வண்டியில, பின்னாடி உக்காந்து. போறதும் அதுலதான். ஓட வெச்சுக் கூட்டிட்டுப் போ."

அம்மாவிடம் சொல்லாத இன்னொரு பாரமும் கண்ணாடிக்காரருக்கு இருந்தது. அப்பா கடைசியாகப் போன் செய்தது ஒரு சனிக்கிழமை. வண்டி ஸ்டார்ட் ஆகலப்பா, முழங்கால் வேற வலிக்குது, உதைக்க முடியல, நாளைக்கு வர்றியா என்று கேட்டார். கண்ணாடிக்காரருக்கு அன்று சலிப்பாக இருந்தது. மாதம் தவறினாலும் அந்த வண்டி படுப்பது தவறாது. "அடுத்த வாரம் பாத்துக்கலாம்ப்பா" என்று சொல்லி வைத்துவிட்டார். செவ்வாய்க்கிழமை அப்பா பேப்பர் படித்துக்கொண்டிருந்த நாற்காலியிலிருந்து எழுந்திருக்கவே இல்லை. அந்த வாரம் மட்டும் போயிருந்தால் என்று இந்த இரண்டு மாதமும் அவர் நெஞ்சு அரித்துக்கொண்டே இருந்தது. அப்பா கேட்டது ஒரு வண்டியை ஓட வைக்கத்தானே?

வண்டியின் டேங்குக்கு அடியில் விரல் நீளத்தில் இரண்டு கறுப்பு டப்பாக்கள் இருக்கும். அவைதான் காயில்கள். பக்கத்துக்கு ஒன்று. பிளக்கில் நெருப்புப் பொறி விழுவது அவற்றின் தயவால்தான். ஒன்று செத்தால் ஒரு சிலிண்டர் செத்தது. இந்த வண்டி செய்வதை நிறுத்தி முப்பது வருஷமாகிறது, புதுக் காயில் கிடைக்காது. அதனால் அப்பா பழைய காயில்களை எங்கிருந்தோ பொறுக்கி வந்து ஒரு பிஸ்கட் டப்பாவில் சேர்த்து வைத்திருந்தார்.

அப்பா காலத்து வைபவம் எப்போதும் ஒரே மாதிரிதான் நடக்கும். காலையில் டப்பாவிலிருந்து நாலு காயிலை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்ப்பார்கள், ஓடாது. மத்தியானச் சாப்பாடு, அப்புறம் ஒரு குட்டித் தூக்கம், அப்புறம் டீ. அதன்பிறகு அப்பா, "இரு, உள்ள ஒண்ணு கிடந்த மாதிரி ஞாபகம்" என்று போய் ஐந்தாவதாக ஒன்றை எடுத்து வருவார். அதைப் போட்டால் வண்டி பிய்த்துக்கொண்டு கிளம்பும். கண்ணாடிக்காரரும் சாயங்கால பஸ்ஸுக்குக் கிளம்புவார்.

அந்த உள்ளே கிடக்கிற காயில் எங்கே இருக்கும் என்று இப்போது அம்மாவைக் கேட்டார்.

"எனக்கென்னப்பா தெரியும். அவர் சாமான் அவருக்குத்தான் தெரியும்" என்று சொல்லிக்கொண்டே அம்மா ஒரு ஸ்பானரை நீட்டினாள். "இந்தா, காயில் நட்டுக்குப் பத்தாம் நம்பர்."

டிவியில் சேனல் மாற்றத் தெரியாத அம்மாவுக்குப் பத்தாம் நம்பர் தெரிந்திருந்ததை அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அடுத்தவர் கண்ணைப் பார்க்கிறவர்தானே.

பிஸ்கட் டப்பாவில் ஆறு காயில்கள் இருந்தன. ஒவ்வொன்றாக வலது பக்கம் மாட்டி உதைத்தார். இதுவா, இல்லை இதுவா. ஆறும் மௌனம் சாதித்தன. ஒருவேளை வயரில் கோளாறோ என்று சந்தேகம் வந்து, ஓடிக்கொண்டிருந்த இடது பக்கத்துக் காயிலையும் கழற்றினார். அது முதல் தப்பு. கழற்றியதைப் பேப்பரில் மற்றவற்றின் பக்கத்தில் வைத்துவிட்டுக் கை கழுவப் போனார். அது இரண்டாவது தப்பு. திரும்பி வந்தபோது, பிசுக்குப் பிடித்துக் கிடக்கிறதே என்று அம்மா எல்லாக் காயில்களையும் எடுத்துத் துணியால் பளபளவென்று துடைத்து, பள்ளிக்கூடப் பிள்ளைகளைப் போல உயரப்படி நிறுத்தி வைத்திருந்தாள். எது உயிரோடு இருந்தது என்று இனி ஆண்டவனுக்குத்தான் வெளிச்சம். காலையில் ஒற்றைக் காலில் ஓடிய வண்டி இப்போது சுத்தமாகப் படுத்துவிட்டது.

எதிர்வீட்டு வயர்மேன் மீட்டரோடு வந்து, எல்லாம் போச்சு சார் என்று கையை விரித்தார். கொஞ்ச நேரம் கழித்துத்தான் மீட்டரின் பேட்டரியே போயிருப்பது தெரிந்தது. அவர் போன பிறகு கண்ணாடிக்காரர் எட்டுக் காயில்களையும் முதலிலிருந்து இடது பக்கம் மாட்டிப் பார்த்தார். ஏழாவதில் கையில் சுரீரென்று ஷாக் அடித்துத் தூக்கிப் போட்டது. அதுதான் நல்லது என்று அப்படித்தான் கண்டுபிடித்தார். பொழுது சாயும்போது வண்டி காலையில் இருந்த நிலைமைக்குத் திரும்பி, ஒற்றைக் காலில் நொண்டியது. அம்மா முகத்தில் அலுப்பே இல்லை. ராத்திரி தங்கிட்டுப் போயேன் என்றாள். மறுநாள் கடை இருக்கிறது என்று சொல்லி அவர் கிளம்பினார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கண்ணாடிக்காரர் உஷாராக வந்தார். அப்பாவின் ஆறு, வலது பக்கம் கிடந்த ஒன்று, ஆக ஏழு செத்த காயில்களையும் பையில் போட்டு, தெருமுனைப் பழைய இரும்புக் கடையில் தன் கையாலேயே கொட்டிவிட்டு வந்தார். இனிமேல் குழம்புவதற்கு எதுவும் இல்லை. பிறகு அப்பாவுக்குப் பழக்கமான, பழைய வண்டிச் சாமான்கள் விற்கிற கடைக்குப் போய், பேட்டரியில் கொடுத்துச் சோதித்து, நீலமாகப் பொறி பறப்பதைக் கண்ணால் பார்த்து ஒரு காயில் வாங்கி வந்தார். மாட்டி உதைத்தார். மூன்றாவது உதையில் இரண்டு சிலிண்டரும் சேர்ந்து குரல் கொடுத்தன. சந்தோஷத்தில் இரண்டு குழாயையும் இரண்டு கையாலும் தொட்டுப் பார்த்து, இரண்டு கையையும் சுட்டுக்கொண்டார்.

சத்தம் கேட்டு அம்மா வாசலுக்கு வந்தாள். வந்தவள் அப்படியே கதவைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். அப்பா வந்து இறங்குகிற சத்தம் அது. கண்ணாடிக்காரர்தான் முதலில் சுதாரித்துக்கொண்டு, ஏறி உட்காரும்மா என்றார்.

இன்றைக்கு எப்படி முடியும் என்று அம்மா கேட்டாள். துவைத்த துணி காயவில்லை. பால்காரரிடம் சொல்லவில்லை. செடிக்குத் தண்ணீர் விட ஆள் பார்க்கவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை கட்டாயம் வருகிறேன் என்றாள். நியாயமாகத்தான் பட்டது. அன்று இரண்டு பேரும் சேர்ந்து சாப்பிட்டார்கள், அப்பாவைப் பற்றிப் பேசினார்கள், கொஞ்சம் சிரிக்கக்கூடச் செய்தார்கள்.

மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை அவர் அம்மாவுக்கென்று ஒரு ஹெல்மெட்டோடு வந்தார். அவர் வீட்டில் அம்மாவுக்கு அறை ஒழித்து, கட்டில் போட்டு, புது பல்பு மாட்டியாகிவிட்டது. அவர் மனைவி காலையிலிருந்து மூன்று தடவை போன் செய்து எப்போ வர்றீங்க என்று கேட்டுவிட்டாள். அம்மா பெட்டி கட்டித் தயாராக வாசலில் இருந்தாள். ஹெல்மெட் மூக்கு வரைக்கும் இறங்கியது. அதை அவள் கழற்றாமல் அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

கண்ணாடிக்காரர் உதைத்தார். தும்மல். உதைத்தார். நொண்டல். குழாயைத் தொட்டார். இந்தத் தடவை சரியாக வலது பக்கத்தைத்தான் முதலில் தொட்டார். சில்லென்று இருந்தது.

மேலும் நாற்பது உதை உதைத்தார். எண்ணுவதை விட்ட பிறகும் உதைத்தார். கால் மரத்துப்போய் வாசல்படியில் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தவருக்கு, யாரும் எதிர்பாராதபடி அழுகை வந்துவிட்டது. இரண்டு மாதமாக அடக்கி வைத்தது எல்லாம் சேர்ந்து வந்தது.

"அப்பா கடைசியா என்கிட்ட கேட்டது இது ஒண்ணுதாம்மா. வண்டி ஓடலடா, வந்து பாருன்னார். நான் வரல. இப்பவாவது ஓட வெச்சுடலாம்னு பாத்தா, என் கையில இது ஓடவே மாட்டேங்குது."

ஹெல்மெட்டுக்குள் அம்மா முகம் எப்படிப் போயிற்று என்று அவருக்குத் தெரியவில்லை. என்னவோ சொல்ல வந்தவள்போல அவள் கை ஒருதரம் எழுந்து அவர் தோளில் விழுந்தது. தடவிக் கொடுத்தபடியே ரொம்ப நேரம் இருந்தாள்.

"வண்டிதானேப்பா, விடு" என்றாள் கடைசியில். "அடுத்த வாரம் பாத்துக்கலாம்."

அந்த வார்த்தையைக் கேட்டதும் அவருக்குச் சுருக்கென்று தைத்தது. துக்கம் கோபமாக மாறிவிட்டது. காரணம் அந்தக் கடைக்காரர்தான். ஒரே வாரத்தில் சாகிற காயிலைத் தலையில் கட்டிவிட்டார். பத்தாம் நம்பர் ஸ்பானரை எடுத்து வலது காயிலைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டார். அம்மா பதறிப்போனாள். கடைக்கெல்லாம் போகாதே, பாவம் அந்த மனுஷன், வேணும்னா நானே வாரத்துல போய்க் கேட்டுக்கறேன் என்று வாசல் கம்பிவரைக்கும் பின்னாலேயே வந்தாள். அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

கடைக்காரர் வயசானவர், நிதானமானவர். கண்ணாடிக்காரர் கத்தி முடிக்கிறவரைக்கும் டீயைக் குடித்து முடித்தார். பிறகு காயிலை வாங்கிப் பேட்டரியில் கொடுத்துப் பார்த்தார். பொறி இல்லை. காயிலைச் சுற்றியிருந்த தகரப் பட்டையைத் தளர்த்தி, அடியில் பார்த்தார். அங்கே சிவப்பாக ஒரு பொட்டு இருந்தது.

"இது நான் உங்களுக்குக் குடுத்தது இல்ல தம்பி. நல்லதுக்கு நான் பச்சைப் பொட்டு வெப்பேன். செத்ததுக்குத்தான் சிவப்பு."

"செத்ததை எதுக்குப் பொட்டு வெச்சு எடுத்து வெக்கிறீங்க? யார் வாங்குவா?"

"உங்க அப்பாதான்" என்றார் கடைக்காரர். "தான் உயிரோட இருக்கறவரைக்கும் உங்ககிட்ட மூச்சு விடக் கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருந்தார். இனிமே சொன்னா என்ன. வண்டி நல்லாத்தான் ஓடிக்கிட்டிருந்துச்சு தம்பி. செத்த காயிலா பாத்துக் குடுய்யா, வண்டி படுத்தாத்தான் பையன் வர்றான்னு கேட்டு வாங்கிட்டுப் போவார். ஒரு தடவை கை தவறி நல்லதைக் குடுத்துட்டேன். முதல் காயில்லயே வண்டி ஓடிடுச்சாம். பையன் பத்தரைக்கே பஸ் ஏறிட்டான்யான்னு மறுநாள் வந்து என்கூட அப்படிச் சண்டை. அன்னையிலேருந்துதான் இந்தச் சிவப்புப் பொட்டு."

கண்ணாடிக்காரர் கடையின் ஸ்டூலில் மெல்ல உட்கார்ந்தார். அந்த மத்தியானச் சாப்பாடு, குட்டித் தூக்கம், டீ, எல்லாம் அவர் கண்முன் வரிசையாக வந்து நின்றது. அந்தச் சனிக்கிழமை போன் வந்து நின்றது. வண்டியைப் பார்க்க வரச் சொல்லி அப்பா கூப்பிடவே இல்லை. அவர் முகத்தைக் கைகளால் மூடிக்கொண்டார். கடைக்காரர் தண்ணீர்ச் செம்பை அவர் பக்கம் நகர்த்தி வைத்தார்.

பிறகு கண்ணாடிக்காரரின் கை மேஜைமேல் கிடந்த காயிலைத் தொட்டது. அவர் நெற்றி சுருங்கியது.

"ஆனா அப்பா வாங்கின அத்தனையையும் நான் போன வாரம் என் கையாலேயே இரும்புக் கடையில கொட்டிட்டேனே. இது எப்படி வந்துச்சு?"

கடைக்காரர் தளர்த்திய பட்டையைத் திரும்ப முடுக்கிக்கொண்டே சொன்னார்.

"அது உங்க அப்பா வாங்கினது தம்பி. இது போன புதன்கிழமை உங்க அம்மா பஸ் புடிச்சு வந்து, செத்ததா பாத்துக் குடுங்கன்னு கேட்டு வாங்கிட்டுப் போனது."