அறுபத்திரண்டு சம்மதம்

மனித குலம் நெருப்பைக் கண்டுபிடித்தது ஒரு சாதனை. நெய்வேலி மண்ணுக்கடியில் நிலக்கரியைக் கண்டுபிடித்தது இன்னொரு சாதனை. தெருக்கூட்டும் செங்கமலம் ஒரு நாளைக்கு எத்தனை நிமிடம் ஒதுங்கப் போகிறாள் என்பதைக் கண்டுபிடித்ததுதான் இவையிரண்டையும் தூக்கிச் சாப்பிட்ட சாதனை. அதைச் செய்தது 'நேரத்தோழன்' என்ற செயலி.

அந்தத் தோழனை நெய்வேலி நகரியத்துக்கு அழைத்து வந்த புண்ணியவான் காண்ட்ராக்டர் குஞ்சிதபாதம். பத்தொன்பதாம் பிளாக்கில் தெருக்கூட்டும் அறுபத்திரண்டு பெண்களும் அவருடைய ஆட்கள். மந்தாரக்குப்பத்தில் அவருடைய ஆபீஸ் மாடியில் அறிமுக விழா நடந்தது. செயலி கம்பெனியிலிருந்து ஜெயப்பிரகாஷ் என்பவர் மே மாத வெயிலில் கோட்டு போட்டுக்கொண்டு வந்திருந்தார்.

"உங்க டேட்டா உங்க உரிமை. உங்க பிரைவசிய நாங்க உயிரா மதிக்கிறோம். உங்க சம்மதம் இல்லாம ஒரு சொட்டு விவரம் வெளிய போகாது."

"இன்னாவாம்?" என்று கேட்டாள் பின்வரிசைப் புஷ்பவல்லி.

"நம்மள மதிக்கிறாங்களாம்," என்றாள் செங்கமலம்.

"நம்மளயா? எதுக்கு?"

இந்தக் கேள்விக்கு ஜெயப்பிரகாஷிடம் ஸ்லைடு இல்லை. எல்லோருக்கும் சமோசா கொடுத்தார்கள்.

மறுநாள்தான் முக்கியமான சடங்கு. செயலியின் விதிமுறைகள் நாற்பத்தொரு பக்கம், அத்தனையும் ஆங்கிலம். கடைசியில் பச்சையாக ஒரு பொத்தான்: 'சம்மதம்'. அந்தப் பெண்களுக்கு போனில் எது வந்தாலும், கேஸ் சிலிண்டர் பதிவாக இருந்தாலும் பேத்திக்கு வந்த மார்க்காக இருந்தாலும், ஒரே வழக்கம்தான்: "மதிகிட்ட குடு." மதி என்கிற வளர்மதி செங்கமலத்தின் மகள், பி.காம். அவர்கள் வம்சத்தில் முதல் பட்டதாரி. குஞ்சிதபாதத்தின் ஆபீசில் 'தரவுப் பாதுகாப்பு அலுவலர்'. தரவோடு சேர்த்து ஆபீஸ் சாவியையும் பால் பாக்கெட்டையும் அவள்தான் பாதுகாத்தாள்.

காலை ஆறு மணிக்கு புஷ்பவல்லியின் சோத்துக் கூடையில் அறுபத்திரண்டு போன்களையும் போட்டு வளர்மதியிடம் கொடுத்துவிட்டு, பெண்கள் துடைப்பத்தோடு பிளாக்குக்குப் போய்விட்டார்கள். அவள் கூடையை ஆபீசுக்குத் தூக்கிவந்து, செயலியை ஏற்றி, விதிமுறைகளைப் படிக்க ஆரம்பித்தாள்.

"என்னம்மா, பரீட்சைக்கா படிக்கிற?" என்றார் குஞ்சிதபாதம். "சட்டுனு அமுக்கு. மத்தியானத்துக்குள்ள முடியணும்."

அமுக்கினாள். இருப்பிடம்? சம்மதம். புகைப்படங்கள்? சம்மதம். பேச்சு கேட்கும் மைக்? சம்மதம். இருபத்தோரு நிமிடத்தில் அறுபத்திரண்டு பெண்கள் மனமுவந்து சம்மதித்தார்கள். அந்த நேரத்தில் அவர்கள் இரண்டு மைலுக்கு அப்பால் சருகு கூட்டிக்கொண்டிருந்தது ஒரு சிறிய விவரம். போனைத் திருப்பிக் கொடுத்தபோது வளர்மதி பொறுப்பாக எச்சரிக்கையும் செய்தாள்: "யாரும் இத மூடிடாதீங்க. மூடினா அட்டெண்டன்ஸ் போயிடும்."

யாரும் மூடவில்லை.

தோழன் தன் சேவையைத் தொடங்கினான். மூன்று நிமிடம் துடைப்பம் நகரவில்லையென்றால் ஆபீஸ் சுவர் டிவியில் அந்தப் பெயர் சிவக்கும்: 'சும்மா இருந்த நேரம்'. பிளாக்கில் அவர்களுக்கென்று கழிப்பறை கிடையாது. பஸ் ஸ்டாண்டு வரை போய்வரப் பதினாலு நிமிடம். செங்கமலத்துக்குச் சர்க்கரை வேறு. அவள் பெயர் பொழுதன்னிக்கும் சிவந்தே கிடந்தது.

"பிளாக்குல ஒரு கக்கூஸ் கட்டிக் குடுங்க சார்," என்று கேட்டாள் அவள்.

"ஏன், நம்ம ஆபீஸ்ல இருக்கே!" என்றார் குஞ்சிதபாதம், பிளாக்கிலிருந்து இரண்டு மைல் தள்ளியிருந்த அந்த ஆபீசில் நின்று.

எனவே ஒரு செவ்வாய்க்கிழமை, இரண்டு மணிக்கு வேலை முடிந்ததும், பதினோரு பெண்கள் யாருக்கும் தெரியாமல் கடலூர் பஸ் ஏறினார்கள். தொழிலாளர் அலுவலகத்தில் கழிப்பறை கேட்டு மனு. வளர்மதிக்குக்கூடச் சொல்லவில்லை, அவள் வேலைக்கு ஆபத்து வரக்கூடாதென்று. ஆனால் தோழனுக்குத் தெரியும். டிவியில் பதினோரு பச்சைப் புள்ளிகள் வரிசையாகக் கடலூர் போய், ஒரே கட்டடத்தில் முக்கால் மணி நேரம் நின்றன. குஞ்சிதபாதம் டீயை உறிஞ்சிக்கொண்டே பார்த்தார். "ஒத்துமையா இருக்காங்க, சந்தோஷம்," என்றார்.

மறுநாள் அந்தப் பதினோரு பேருக்கும் வேலைக்கு நுழைய வேண்டிய கேட் பாஸ் புதுப்பிக்கப்படவில்லை. பட்டியலில் முதல் பெயர் செங்கமலம்.

"வேல முடிஞ்சப்புறம் அவங்க எங்க போனா உங்களுக்கென்ன சார்?" என்றாள் வளர்மதி.

"எனக்கு ஒண்ணுமில்லம்மா. நம்பிக்கை போச்சு, அவ்வளவுதான். வேவு பாத்தேன்னு மட்டும் சொல்லாத. அவங்களே சம்மதம் குடுத்திருக்காங்க. தேதி, மணி, எல்லாம் இருக்கு. செயலி பொய் சொல்லாது."

வீட்டில் செங்கமலம் அழவில்லை. கேட்டது ஒன்றுதான்.

"அமுக்கறதுக்கு முன்னாடி படிச்சியாடி?"

"ரெண்டு பக்கம்மா."

"வெயில்ல கூட்டிக்கினு உன்ன பதினஞ்சு வருசம் படிக்க வெச்சேன். நீ எனக்காக ரெண்டு பக்கம் படிச்சியா?"

 அன்றிரவு வளர்மதி மீதி முப்பத்தொன்பது பக்கத்தையும் படித்தாள்.

பதினோரு பெண்களும் கொடுத்த புகாரின்பேரில் கடலூரில் விசாரணை நடந்தது; செங்கமலமும் வந்திருந்தாள். தொழிலாளர் அதிகாரி பிரபாவதியின் மேசைமேல் குஞ்சிதபாதம் ஒரு கட்டுக் காகிதத்தைப் பெருமையாக வைத்தார். அறுபத்திரண்டு சம்மதம், மணி நிமிடத்தோடு. "எங்க தரவுப் பாதுகாப்பு அலுவலரே வந்திருக்காங்க மேடம், கேளுங்க. நம்ம செங்கமலத்தோட பொண்ணுதான்."

வளர்மதி எழுந்தாள். கையில் இரண்டே இரண்டு தாள்.

"மேடம், இது செயலியோட முழுப் பதிவு. சம்மதம் குடுத்தப்ப ஒவ்வொரு போனும் எங்க இருந்துச்சுன்னு இருக்கு. அறுபத்திரண்டும் மந்தாரக்குப்பம் ஆபீஸ்ல, ஒரே மேசையில. காலையில பத்து பன்னெண்டுல இருந்து பத்து முப்பத்திமூணு."

"சரி?"

"இது அதே நாள் மஸ்டர் ரோல், வருகைப் பதிவேடு. அன்னிக்கு ஆறுல இருந்து ரெண்டு வரைக்கும் அறுபத்திரண்டு பேரும் பத்தொன்பதாம் பிளாக்ல வேலை செஞ்சாங்கன்னு சார் கையெழுத்து போட்டிருக்காரு."

பிரபாவதி இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "அப்ப இந்தச் சம்மதத்த யார் குடுத்தது?"

வளர்மதி கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினாள். "இது மேடம். படிச்ச விரல். படிக்காம அமுக்கினது. அமுக்கச் சொன்னவரு இதோ உக்காந்திருக்காரு. என் பேருலயும் எழுதிக்கங்க, அவரு பேருலயும் எழுதிக்கங்க. செயலி பொய் சொல்லாது."

"விசாரணை முடியற வரைக்கும் பதினோரு பேரும் வேலைக்கு வரணும்," என்று சொல்லிக்கொண்டே எழுதினார் பிரபாவதி. "இன்னிக்கே பாஸ் குடுத்துடுங்க."

குஞ்சிதபாதத்துக்கு வியர்த்தது. கர்ச்சீப்பால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். "மேடம், ஒரு நிமிஷம். பாத்ரூம் வரைக்கும்…"

"போயிட்டு வாங்க சார்," என்றாள் செங்கமலம். "இங்க கட்டி வெச்சிருக்காங்க."