கட்டைவிரல் சாமி

ஆடி மாதத்தில் கல்யாண மண்டபத்தை யாரும் சீண்ட மாட்டார்கள். பெரம்பலூரில் துறையூர் ரோட்டு மண்டபத்துக்காரர் மட்டும் அந்த ஆடியில் சிரித்த முகமாக இருந்தார். கட்டைவிரல் சாமி அவருடைய மண்டபத்தை முப்பது நாளைக்கு மொத்தமாக எடுத்திருந்தார்.

கூட்டம் என்றால் அப்படி ஒரு கூட்டம். அத்தனை பேரும் அறுபதைத் தாண்டியவர்கள். பூலாம்பாடியிலிருந்து வந்தார்கள், ஜெயங்கொண்டத்திலிருந்து வந்தார்கள். அரியலூர் சிமெண்ட் ஆலைகளில் ரிட்டயர் ஆனவர்கள் வேன் பிடித்து வந்தார்கள். ஏலாக்குறிச்சி மாதா கோயிலுக்குப் புறப்பட்ட வேன்கூட வழியை மாற்றிக்கொண்டு இங்கே வந்து ஒரு மணி நேரம் நின்றது. ஏமாறுகிற விஷயத்தில் நம் ஜனங்களிடம் சாதி மத வேற்றுமை பார்க்கவே முடியாது.

நான் அய்யம்பெருமாள். மைக் செட் வாடகைக்கு விடுகிறவன். சாமிக்கு மைக் கட்டியது நான்தான். எனக்குச் சாமிமேல் நம்பிக்கை இருந்ததா என்று கேட்காதீர்கள். எனக்கு வாடகை வந்தது.

மேடையில் பெண்ணும் மாப்பிள்ளையும் உட்காரும் இடத்தில் ஒரு காவித் திரை. திரையில் ஓர் ஓட்டை. ஓட்டைக்கு அந்தப் பக்கம் சாமி, தலைப்பாகை காதை மூட உட்கார்ந்திருப்பார். இந்தப் பக்கம் நிற்கிறவர் கட்டைவிரலை மட்டும் உள்ளே நீட்ட வேண்டும். முகத்தைப் பார்த்தால் சாமிக்குப் பாசம் வந்து கணக்குத் தப்பிவிடுமாம். வாயையும் திறக்கக் கூடாது. விரல் பேசும்போது வாய் பேசினால் விரல் கோபித்துக்கொள்ளுமாம். சாமி ரேகையைத் தடவி, என்ன வியாதி, எத்தனை வருஷமாக, இன்னும் எத்தனை வருஷம் உயிர் என்று சொல்லுவார். அதை என் ஸ்பீக்கர் மண்டபம் முழுக்கச் சொல்லும்.

கையில் இருக்கும் காசு தீருவதற்குள் உயிர் போகுமா, உயிர் போவதற்குள் காசு தீருமா? ரிட்டயர் ஆனவனுக்கு இது ஒன்றுதான் சந்தேகம். எந்த பாங்கிலும் இதற்குப் பதில் கிடையாது. இங்கே இருநூறு ரூபாய்க்குக் கிடைத்தது.

அதற்கு மேல் வேண்டுமென்றால் ‘ஆயுள் முடிச்சு’ உண்டு. கறுப்புக் கயிற்றில் ஏழு முடிச்சு. கட்டிக்கொண்டால் சாகும்வரை ஆஸ்பத்திரிச் செலவு இல்லை. ஒரே நிபந்தனை, இங்கிலீஷ் மாத்திரையை நிறுத்திவிட வேண்டும். கயிற்றைக் கட்டியும் ஒருவர் செத்துப்போனால், அவர் எங்கேயோ ஒளிந்துகொண்டு மாத்திரை தின்றிருக்கிறார் என்று அர்த்தம்.

இன்னொரு விதியும் இருந்தது. மண்டபத்துக்குள் பை கொண்டுபோகக் கூடாது. பேப்பர் பக்கத்தில் இருந்தால் ரேகையின் சக்தியை இழுத்துவிடுமாம். செருப்பு விடுகிற இடத்துக்குப் பக்கத்திலேயே பை வைக்கிற அறை. செந்தில்குமார் என்கிற சீடன் பையை வாங்கிக்கொண்டு டோக்கன் கொடுப்பான்.

நம் ஊர்ப் பென்ஷன்காரர்களை உங்களுக்குத் தெரியும். டீ குடிக்கக் கிளம்பினாலும் கையில் அந்த மஞ்சள் பை இருக்கும். ஆதார், ரேஷன் கார்டு, பாங்குப் பாஸ்புக், பதினைந்து வருஷத்து மருந்துச் சீட்டு, ஸ்கேன், எக்ஸ்ரே எல்லாம் அதில்தான். எந்த ஆபீசில் எப்போது எதைக் கேட்பான் என்று தெரியாமல் பயந்து பயந்து பழகிய ஜாதி. அந்தப் பையை எவனோ ஒருவனிடம் கொடுத்துவிட்டு, உள்ளே வந்து, தன் வியாதி சாமிக்கு எப்படித் தெரிந்தது என்று மூக்கின்மேல் விரல் வைத்தார்கள்.

இளையபெருமாள் அப்படி வந்தவர்தான். எறையூர் சர்க்கரை ஆலையில் முப்பத்திரண்டு வருஷம் பாய்லர் பக்கம் நின்று வெந்தவர். பென்ஷன் இரண்டாயிரத்துச் சொச்சம். நெஞ்சில் இரண்டு அடைப்பு. காப்பீட்டு அட்டையிலேயே ஸ்டென்ட் வைத்துவிடலாம், ஒரு பைசா வேண்டாம் என்று திருச்சி பெரிய ஆஸ்பத்திரியில் இரண்டு வாரம் தள்ளி ஒரு வியாழக்கிழமைக்கு நாள் குறித்துக் கொடுத்திருந்தார்கள்.

அதற்குள் வேறொன்று நடந்தது. உயிரோடு இருப்பதாக வருஷா வருஷம் பென்ஷனுக்குச் சான்று கொடுக்க வேண்டுமே, அதற்காக ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் கட்டைவிரலை வைத்தார். ரேகையெல்லாம் என்றைக்கோ தேய்ந்துபோன விரல். மூன்று தடவை வைத்தும் மெஷின் அவரை ஏற்றுக்கொள்ளவில்லை. நொந்துபோய் வெளியே வந்தவர் சாமியின் நோட்டீசைப் பார்த்து நேராக மண்டபத்துக்கு வந்தார். சாமி விரலைத் தொட்டதும் கொட்டிவிட்டார்: “பன்னிரண்டு வருஷச் சர்க்கரை. இதயத்தில் இரண்டு அடைப்பு. கத்தி படாமல் இருந்தால் எண்பத்து நான்கு வயசு!”

கவர்மெண்டு மெஷினுக்குத் தெரியாத விரல் சாமிக்குத் தெரிந்துவிட்டது. மனுஷன் அழுதேவிட்டார். எனக்கும் கொஞ்சம் கண் கலங்கியது, பொய் சொல்லுவானேன்.

முடிச்சுக்கு ஒரு லட்சத்து நாற்பதாயிரம் என்றார் சாமி. இலவசம் என்ற சொல்லை நம்பாத இளையபெருமாள், ஒரு லட்சத்து நாற்பதாயிரம் என்ற சொல்லை அப்படியே நம்பினார். அன்றைக்கே மாத்திரையை நிறுத்தினார்.

ஒன்பது நாள் கழித்து, திங்கட்கிழமை, முடிச்சுக் கட்டிக்கொள்ள மறுபடி வந்தார். மடியில் பணம். மண்டபத்துக்கு எட்டுப் படி. எட்டுப் படி ஏறுவதற்குள் இரண்டு தடவை நின்று மூச்சு வாங்கினார். கூட அவர் மனைவி பாப்பாத்தி. கட்டுவதற்கு முன் இன்னொரு தடவை ரேகை பார்க்க வேண்டும் என்பது விதி. தனக்கும் பார்க்க வேண்டும் என்று அந்தம்மாளும் ஒரு பையோடு வந்திருந்தாள். புருஷனை நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு, இரண்டு பையையும் கொடுத்து, இரண்டு டோக்கனையும் வாங்கிக்கொண்டு என்னிடம் வந்தாள்.

“தம்பி, நீங்க தெனமும் இங்கதான இருக்கீங்க. ஒன்னு கேக்கட்டுமா?”

“கேளுங்கக்கா.”

“சீட்டுல எழுதியிருக்கற சீக்கெல்லாம் இந்தச் சாமி புட்டுப் புட்டு வெக்கறாரு. எங்க வூட்டுக்காரரு டாக்டருகிட்ட காட்ட வெக்கப்பட்டுக்கிட்டு மறைச்சு வெச்சிருக்கற சீக்கு ஒன்னு இருக்கு. அத மட்டும் ஏன் சொல்லல? அப்பறம், பாஸ்புக்குல ஒரு லட்சத்து நாப்பத்திரண்டாயிரம் கெடந்துச்சு. சாமி ஒரு லட்சத்து நாப்பது கேக்கறாரு. மீதி ரெண்டாயிரத்த பஸ்ஸுக்கு உட்டுருக்காரா?”

பதினெட்டு நாள் அங்கேயே உட்கார்ந்திருக்கிறேன், எனக்கு இது தோன்றவில்லை. பி.ஏ. படித்தவன் நான்.

“வியாழக்கெழம இவரு ஆஸ்பத்திரிக்குப் போவலன்னா எனக்கு ஆளு இல்ல தம்பி” என்றாள். குரல் உடைந்துவிட்டது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு போய், புருஷன் கையில் ஒரு டோக்கனைத் திணித்தாள்.

“டோக்கன் நாற்பத்தொன்று!” என்று ஸ்பீக்கர் கூப்பிட்டது.

இளையபெருமாள் எழுந்து போய் விரலை நீட்டினார். சாமி தடவினார். கண்ணை மூடியிருப்பார் போலிருக்கிறது, குரல் அவ்வளவு உருக்கமாக வந்தது.

“தாயே!”

மண்டபம் நிமிர்ந்து உட்கார்ந்தது.

“கர்ப்பப்பையை எடுத்து ஏழு வருஷமாகிறது தாயே! அதிலிருந்து இடுப்பு வலி உன்னை விடவில்லை. தைராய்டு வேறு வாட்டுகிறது.”

திரைக்கு இந்தப் பக்கம் வேட்டியும் வெள்ளை மீசையுமாக நின்ற இளையபெருமாள், தன் வயிற்றை ஒரு தடவை தொட்டுப் பார்த்துக்கொண்டார். பாவம், அந்த நேரத்திலும் அவருக்குச் சந்தேகம் தன்மேல்தான்.

பாப்பாத்தி மேடை ஏறித் திரையைப் பிடித்து இழுத்தாள். அது கழன்று விழுந்தது. சாமியும் இளையபெருமாளும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“அவரு கையில இருக்கறது என் டோக்கனு சாமி. நாந்தான் மாத்திக் குடுத்தேன். நீங்க சொன்னது பூரா என் பையில இருக்கற சீட்டு.”

சாமி லேசுப்பட்டவர் இல்லை. “மூடப் பெண்ணே! நான் சொன்னது இவனுடைய போன பிறவி!”

“போன பொறவியில எதுக்கு தைராய்டு? அது எனக்கு போன மார்ச்சுலதான வந்துச்சு?”

கூட்டத்தில் ஒருவர் சிரித்தார். சிரிப்பு ஒரு வரிசைக்குப் பரவியது.

“சரி, போவட்டும். இவரு வெரலு இதோ இருக்கு. எந்தச் சீட்டுலயும் எழுதாத சீக்கு ஒன்னு இவருக்கு இருக்கு. நாலு வருஷமா. அது என்னான்னு சொல்லுங்க. சொல்லிட்டா ஒரு லட்சத்து நாப்பதும் உங்களுக்குத்தான்.”

“ஏய், வேணாம்டி!” என்று அலறினார் இளையபெருமாள். அதுவும் மைக்கில் கேட்டது.

சாமி அவரை ஏற இறங்கப் பார்த்தார். “கண் புரை.”

“இல்ல.”

“நெஞ்சுச் சளி.”

“இன்னும் கீழ.”

“குடல் புண்.”

“இன்னும் கீழ சாமி.”

“முழங்கால்!”

“ரொம்பக் கீழ போயிட்டீங்க.”

மண்டபம் புரிந்துகொண்டது. இருநூறு கிழவர்கள் ஒரேயடியாகச் சிரித்ததை அன்றுதான் கேட்டேன். அதில் பாதிப் பேருக்கு அதே வியாதி.

“செந்திலு! மைக்க ஆஃப் பண்ணச் சொல்றா!” என்று சாமி தலைப்பாகைக்குள் கத்தினார். என் கை சவுண்டு திருகில் இருந்தது. நான் கூட்டி வைத்தேன். இந்தத் தொழிலுக்கு வந்து நான் செய்த ஒரே உருப்படியான காரியம் அதுதான்.

கூட்டம் பை அறைக்கு ஓடியது. செந்தில்குமார் மடியில் ஒருவருடைய எக்ஸ்ரே, ஒரு கையில் பாஸ்புக், மறு கையில் போன். அவன் ஏற்கெனவே மெடிக்கல் ஷாப்பில் வேலை பார்த்தவனாம். டாக்டர் கையெழுத்தைப் படிக்க வேறு யாரால் முடியும்? சாமியின் தலைப்பாகையை அவிழ்த்தபோது காதில் கடலை அளவுக்கு ஒரு கருவி இருந்தது. போலீஸ் வந்து பேர் கேட்டது. தர்மராஜ் என்றார். முன்னால் இன்சூரன்ஸ் பிடித்துக்கொண்டிருந்தாராம். அதில் ஆள் செத்தால் பணம் கொடுக்க வேண்டியிருக்கிறது, கட்டுப்படியாகவில்லை என்று விட்டுவிட்டாராம்.

எல்லாம் முடிந்த பிறகு அரியமுத்து என்கிற ஜெயங்கொண்டத்துப் பெரியவர் என் காதருகே வந்தார். “எல்லாஞ் சரி தம்பி. எனக்கு எம்பத்தொம்பது வயசு வரைக்கும் ஆயுசுன்னு சொன்னாரே, அது மட்டும் நெசமா இருக்குமோ?” எனக்கு வந்த ஆத்திரத்துக்கு, ஆம்ப்ளிபயரைத் தூக்கி அவர் தலையில் போட்டு அந்தக் கணக்கை அங்கேயே முடித்திருப்பேன்.

இளையபெருமாள் இரண்டு நாள் மனைவியோடு பேசவில்லை. புதன்கிழமை ராத்திரி, “காலைல மொத பஸ்ஸு எத்தனை மணிக்கு?” என்று மட்டும் கேட்டாராம். வியாழக்கிழமை ஸ்டென்ட் வைத்தார்கள். ஒரு பைசா வாங்கவில்லை. இன்னும் நான்கு நாள் தள்ளியிருந்தால் ஆள் தங்கியிருக்க மாட்டார் என்று டாக்டர் சொன்னாராம்.

சனிக்கிழமை நான் பார்க்கப் போயிருந்தேன். ஆள் சாத்துக்குடி தின்றுகொண்டிருந்தார். பக்கத்துக் கட்டில்காரரின் மனைவி பாப்பாத்தியிடம் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்டாள்: “எந்தச் சாமிக்கா காப்பாத்துச்சு? எங்களுக்கும் சொல்லுங்க, போயிட்டு வரோம்.”

“டாக்டரு காப்பாத்துனாரு. அவருகிட்ட கூட்டியாறதுக்கு நான் கொஞ்சம் யோசிச்சேன், அவ்வளவுதான்” என்றாள் பாப்பாத்தி. “யோசிக்கறதுக்கு ஒருத்தனும் காசு கேக்கறதில்ல. அதனாலதான் நம்மாளுங்களுக்கு அதுல நம்பிக்க வரமாட்டேங்குது.”