நேரே இரண்டாம் ஆண்டில் சேர்ந்த பருந்துக் குஞ்சு

ஒரு காட்டில் பரீட்சைக்கு வராத பாடத்தை யாரும் படிப்பதில்லை. அந்தக் காட்டில் செண்பகவடிவு என்று ஒரு பருந்து இருந்தாள். அவளுக்கு ஒரே பிள்ளை, பெயர் நிகிலன். ஊரிலேயே பெரிய பள்ளிக்கூடத்தில் அவனைச் சேர்த்திருந்தாள். அதன் தாளாளர் ஒரு நரி. நரிக்குப் பறக்கத் தெரியுமா என்று என்னிடம் கேட்காதீர்கள். பள்ளிக்கூடம் நடத்துகிறவருக்குப் பாடம் தெரிந்திருக்க வேண்டும் என்று அந்தக் காட்டில் சட்டம் எதுவும் இல்லை.

பறவைகளுக்குப் பாடத்திட்டம் ரொம்ப எளிது. சின்ன வகுப்பில் கிளம்புவது. பதினொன்றாம் வகுப்பில் இறங்குவது. கல்லூரிக்குப் போனால் மேகத்துக்கு மேலே வட்டமிடுவது. ஆனால் கல்லூரி நுழைவுத்தேர்வில் வட்டமிடுவதைப் பற்றி மட்டும்தான் கேட்பார்கள். அதனால் நரி பதினொன்றாம் வகுப்புப் பாடத்தை அப்படியே தூக்கி ஓரமாக வைத்துவிட்டு, அந்த வருஷமே கல்லூரிப் பாடத்தை ஆரம்பித்துவிட்டது. மற்ற பள்ளிக்கூடங்களும் இதைத்தான் செய்தன. நரி கொஞ்சம் சத்தமாகச் செய்தது, அவ்வளவுதான்.

பெற்றோர் கூட்டத்தில் செண்பகவடிவு தயங்கித் தயங்கி எழுந்தாள்.

"சார், எம்புள்ளைக்கு இன்னும் இறங்கத் தெரியலையே?"

"பரீட்சையில கேக்க மாட்டாங்கம்மா."

"பறந்தா இறங்கித்தானே சார் ஆகணும்?"

"அதெல்லாம் போகப் போகத் தானா வந்துடும். வீட்ல நீங்க எதையாவது சொல்லிக் குடுத்துப் புள்ளையக் குழப்பிடாதீங்க."

மற்ற பெற்றோர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவளுக்கு வெட்கமாகப் போய்விட்டது. இருபது வருஷமாகத் தினமும் இறங்குகிறவள், இறங்குவதைப் பற்றி அன்றோடு வாயை மூடிக்கொண்டாள்.

நிகிலன் வட்டமிடுதலைக் கரைத்துக் குடித்தான். எந்தக் காற்றில் எந்தப் பக்கம் சாய வேண்டும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வான். பறந்து பார்க்கத்தான் நேரமில்லை. காலையில் டெஸ்ட், மதியம் ரிவிஷன், சாயங்காலம் ஸ்பெஷல் கிளாஸ். செய்முறைத் தேர்வில் எல்லோருக்கும் முழு மார்க் போட்டுவிடுவது அங்கே வழக்கம்.

கல்லூரிப் பாடத்தைப் பள்ளியிலேயே முடித்துவிட்டதால் அவனை நேரே இரண்டாம் ஆண்டில் சேர்த்துக்கொண்டார்கள். முதல் நாள் எல்லோரும் மேலே போனார்கள். நிகிலனும் போனான். சும்மா சொல்லக்கூடாது, பையன் போட்ட வட்டத்தைப் பார்த்துக் கல்லூரி முதல்வரான கிழட்டுக் கழுகே எழுந்து நின்றுவிட்டது. பிறகு மணி அடித்தது. வீட்டில் ரகசியமாகக் கற்றிருந்த மற்றவர்கள் இறங்கினார்கள். நிகிலன் வட்டமிட்டான். மதியம் சாப்பாட்டு மணி அடித்தது. அப்போதும் வட்டமிட்டான்.

விஷயம் தெரிந்து செண்பகவடிவு அடித்துப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தாள். "ஐயா, எம்புள்ளைக்கு இறங்கத் தெரியாதுய்யா, யாராவது சொல்லிக் குடுங்கய்யா!"

"அது ஸ்கூல் பாடம்மா," என்றது கழுகு. "அதை இங்க நடத்தினா எங்க காலேஜோட தரம் என்ன ஆகறது?"

பள்ளிக்கூடத்துக்கு ஓடினாள். "டிசி குடுத்தாச்சேம்மா," என்றது நரி. அது அப்போது வாசலில் ஒரு ஃப்ளெக்ஸ் பேனரைக் கட்டிக்கொண்டிருந்தது. 'காலை முதல் வானில்! எங்கள் மாணவர் நிகிலன்!' என்று போட்டு, கீழே நரியின் படத்தைப் பெரிதாகப் போட்டிருந்தார்கள்.

சாயங்காலம் ஆயிற்று. பையனின் இடது சிறகு தொங்க ஆரம்பித்தது. செண்பகவடிவு அதற்கு மேல் காத்திருக்கவில்லை. யாருடைய தரமும் எக்கேடோ கெட்டுப் போகட்டும் என்று தானே மேலே பறந்தாள்.

"கண்ணு, நான் சொல்ற மாதிரி செய்யி. சிறகைப் பாதி மடக்கு. வாலை விரி. காலை முன்னால நீட்டு."

"இது எந்த கிளாஸ் பாடம்மா?"

"பதினொண்ணாங் கிளாஸ்டா."

நிகிலனுக்குக் கண் கலங்கிவிட்டது. "நான் செகண்ட் இயர்மா. இப்பப் போயி பதினொண்ணாவது படிச்சா பசங்க சிரிக்க மாட்டாங்களா?"

"விழுந்து செத்துடுவடா பாவி!"

"பரவால்ல. பின்னாடி மட்டும் போக மாட்டேன்."

அவள் கெஞ்சினாள். திட்டினாள். செத்துப்போன அப்பா மேல் சத்தியம் வாங்கப் பார்த்தாள். அவன் மசியவில்லை. வட்டம் மட்டும் சிறிதாகிக்கொண்டே வந்தது. கீழே பாறை தெரிந்தது.

கடைசியில் செண்பகவடிவு குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "சரி, உண்மையச் சொல்லிடறேன். யார்கிட்டயும் மூச்சு விடாத. இது பிஎச்டி பாடம்."

நிகிலன் சட்டென்று திரும்பினான். "பிஎச்டியா? செகண்ட் இயர்லயேவா?"

"உன் கிளாஸ்ல வேற யாருக்கும் இன்னும் ஆரம்பிக்கல."

"சிறகை எவ்வளவு மடக்கணும்னு சொன்ன?"

பாதி மடக்கினான். வாலை விரித்தான். காலை நீட்டினான். கல்லூரி வாசலில் இருந்த இலந்தைப் புதரில் தலைகுப்புற விழுந்து, முள்ளெல்லாம் குத்தி, உயிரோடு எழுந்து நின்றான். செண்பகவடிவு அவனைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள். அழுது முடித்து முதுகில் ரெண்டு வைத்தாள்.

"அம்மா, நான் முனைவரா?" என்று கேட்டான் அவன்.

"ஆமாண்டா ராசா, வீட்டுக்கு வா," என்றாள்.

இறங்குவதுதான் பிஎச்டி பாடம் என்று நிகிலன் ஊரெல்லாம் சொல்லிவிட்டான் போலிருக்கிறது, மறுநாள் காலை நரியின் பள்ளிக்கூட வாசலில் புது பேனர் தொங்கியது. 'பால்வாடியிலேயே பிஎச்டி! இடங்கள் குறைவு.' முட்டையிலிருந்து இன்னும் வெளியே வராத பிள்ளைகளுக்குக்கூட இடம் கேட்டு, முட்டையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு பெற்றோர்கள் வரிசையில் நின்றார்கள். அந்தப் பிள்ளைகள் எல்லோருக்கும் இன்றைக்கு நன்றாக இறங்கத் தெரியும். கிளம்பத்தான் தெரியாது. அது சின்ன வகுப்புப் பாடமாம்.

நீதி: பெற்ற பிள்ளையிடம் பொய் சொல்லலாம், தப்பில்லை, பெரிய படிப்பாகப் பார்த்துச் சொல்ல வேண்டும்.