நிஹோங்கோ அண்ணனின் குரல்

ஒரகடத்திலிருந்து ஸ்ரீபெரும்புதூர் வரை, பட்டப்பகலில் மனிதர்களைப் பேய்க்குப் பயப்பட வைத்த ஒரே ஆள் எங்கள் ரூம்மேட் நிஹோங்கோ அண்ணன்தான்.

இரண்டாயிரத்து மூன்றில் பென்னலூரில் ஒரே அறையில் ஆறு பேர் இருந்தோம். வாலாஜாபாத்காரரான அண்ணன், கம்பெனி ஸ்டோர்ஸில் கான்ட்ராக்ட் ஆள். சாப்பாட்டு நேரத்தில், “ஜப்பான் பாஷையாண்ணே படிக்கீக?” என்று கேட்டுவிட்டால் தொலைந்தோம்.

“அப்டி சொல்லாதபா. நிஹோன்னா அவங்க நாடு, கோன்னா பாஷை. நிஹோங்கோன்னு சொல்லு. அவங்க வூட்டுப் பசங்க ஸ்கூல்ல படிச்சா அதுக்குப் பேரு கொகுகோ, நாட்டு மொழி. நம்மள மாதிரி வெளியாளுங்க படிச்சாதான் நிஹோங்கோ.”

அதற்குள் குழம்பு தீர்ந்திருக்கும்.

அவருக்கு வாத்தியார் கிடையாது. ஜப்பானிலிருந்து மெஷின் வந்த பெட்டியில் நாலு கேசட் கிடந்தன. யாரோ ஒரு ஜப்பான்காரர் பாடம் நடத்திப் பதிவு செய்தவை. சூப்பர்வைசரிடம் கேட்டு வாங்கி, இரண்டு வருஷம் காதில் வாக்மேனோடு திரிந்தார். அண்ணனுக்குக் கீச்சுக் குரல். ஆனால் நிஹோங்கோ பேசினால் கரகரவென்று வேறொரு ஆள் பேசுவார். கேசட்காரர் இருமிய இடத்தில் இருமுவார். கேசட்டில் ஒரு பக்கம் முடிகிற இடத்தில், பாதி வாக்கியத்தில் அப்படியே உறைந்து நிற்பார். இதெல்லாம் மொழியில் சேர்த்தி என்றே நம்பினார். குளியலறையில் அந்தக் குரலைக் கேட்ட வீட்டுக்காரம்மா, வாசலில் எலுமிச்சம்பழம் வெட்டி வைத்தார்.

அந்த வருஷம் ஜப்பானில் பயிற்சிக்கு ஓர் ஆளைத் தேடினார்கள். போய் வந்தால் வேலை பர்மனென்ட். கான்ட்ராக்ட் ஆளுக்கு வேறு வழியே இல்லை. இன்டர்வியூவில் அவருக்கு அடுத்து என் முறை என்பதால், திறந்த கதவருகே உட்கார்ந்திருந்தேன்.

அண்ணன் குனிந்து வணங்கினார், பேசினார், இருமினார். ஜப்பான் அதிகாரியின் பேனா கீழே விழுந்தது. அண்ணன் தொடர்ந்தார். அதிகாரி எழுந்து சுவரோடு ஒட்டிக்கொண்டார். பாதி வாக்கியத்தில் அண்ணன் உறைந்து நின்றார். 

மொழிபெயர்ப்பாளர் அம்மா தயங்கிச் சொன்னார்: “இது இவரோட பழைய மேனேஜர் குரலாம். அவர் நெஞ்சு சீக்குல செத்து மூணு வருஷமாகுதாம். அவர் வேலை பார்த்த ஃபேக்டரிக்கே உங்களை எப்படி அனுப்புறதுன்னு கேக்குறாரு.”

போச்சு. அச்சு அசலாகப் பேசியதற்காகவே ஒரு மனிதரைக் கழித்துவிட்டார்கள். போதாக்குறைக்கு, செத்தவர் மனைவிக்கு அந்தக் கேசட்டுகள் கிடைக்குமா என்று வேறு கேட்டார் அதிகாரி. நானாக இருந்தால் கொடுத்திருக்க மாட்டேன்.

“எடுத்துகினு போவச் சொல்லுங்க மேடம். பாவம், அந்தம்மா கேக்கட்டும்” என்று நாலையும் கொடுத்துவிட்டார் அண்ணன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வல்லக்கோட்டை முருகன் கோவிலுக்குப் போன பஸ்ஸில், “அடுத்த வருஷமும் ஆள் எடுப்பாங்க. அப்ப என் குரல்லயே பேசப் போறேன்” என்றார். கீச்சென்று முதல் பாடத்தைத் தொடங்கி, மூன்று இடத்தில் தடுமாறினார். கேட்கச் சகிக்கவில்லை. இறங்கவேண்டிய ஸ்டாப் தாண்டிய பிறகும், அவரை நிறுத்தச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.