குங்ஃபூ பனியனைக் கப்பலில் ஏற்றாதே

அன்பு மச்சான் கந்தசாமிக்கு,

அமெரிக்காவில் டெக்சாஸ் பக்கம் கேட்டி ஊரிலிருந்து சேனாபதி எழுதுவது. இங்கே என் ரத்தக்கொதிப்பு ஒன்றைத் தவிர எல்லாம் நலம். திருப்பூரில் நீயும் தங்கச்சியும் பிள்ளைகளும் சௌக்கியமாக இருக்க முருகன் பார்த்துக்கொள்வான். போனில் பேசினால் உன் அக்கா சாந்தாமணி குறுக்கே புகுந்து என்னையே குற்றவாளி ஆக்கிவிடுவாள் என்பதால்தான் இந்த ஈமெயில். "குங்ஃபூ தந்த தமிழன்" பனியன் இரண்டாவது லோடை அச்சடிக்காதே. அடித்திருந்தால் கப்பலில் ஏற்றாதே.

முதல் லோடு அப்படியே கராஜில் கிடக்கிறது. என் கார் வெளியே வெயிலில் காய்கிறது. எல்லாம் உன் அக்கா மகள் தென்றலால். யுனிவர்சிட்டியில் அவள் குங்ஃபூவின் வரலாற்றை ஆராய்ச்சி பண்ணுவது உனக்குத் தெரியும். அதற்காகச் சீன மொழி படிக்கிறேன் என்றபோது, சரி, சீனாவில் சரக்குக் கொள்முதலுக்கு ஆகும் என்று சந்தோஷப்பட்ட முட்டாள் நான். போதிதர்மர் காஞ்சிபுரத்திலிருந்து போய்ச் சீனாக்காரனுக்குச் சண்டை சொல்லிக்கொடுத்தார் என்று இங்கே பச்சைப் பிள்ளைக்கும் தெரியும். பொங்கல் விழா மேடையில் அதை என் மகளே பேசினால் வாசலில் பனியன் பறக்காதா? தமிழ்ச் சங்கத் தலைவர் பத்ரியிடம் சொன்னேன். அவரே தலைப்பு வைத்து, பேனர் அடித்து, அவள் வாயைத் திறப்பதற்கு முன்பே பொன்னாடையும் போர்த்திவிட்டார். என்ன பேசப் போகிறாய் என்று நாங்கள் யாருமே அவளைக் கேட்கவில்லை.

ஏறினாள், மைக்கைப் பிடித்தாள், போட்டாள் ஒரு போடு. போதிதர்மரையும் சண்டைக் கலையையும் சேர்த்துச் சொல்லும் புத்தகமே அவருக்கு ஆயிரம் வருஷம் கழித்து வந்ததாம், அதன் முன்னுரையே போலியாம், குங்ஃபூ வளர்ந்த அந்தச் சீன மடத்துக்கு நிலமும் தானியமும் இருந்ததால் திருடனை விரட்டத்தான் துறவிகள் தடியெடுத்திருக்க வேண்டுமாம். அதை மட்டும் நான் நம்பினேன். சரக்கு வைத்திருப்பவன் காவல் போடுவான்.

முன்வரிசைக்காரர் ஒருவர் எழுந்து, "ஏம்மா, அவர் காஞ்சிபுரத்துக்காரர்னாவது சொல்லும்மா" என்று கெஞ்சினார்.

"சவுத் இண்டியான்னு ஒரு ரெக்கார்ட் இருக்கு அங்கிள். அதுக்கும் முன்னாடி ஒண்ணு அவர் பெர்சியாக்காரர்னு சொல்லுது."

பெர்சியா! ஹாலே கொந்தளித்தது. பத்ரி என் கையைப் பிடித்து, "சேனாபதி, உங்க பொண்ணைக் கொஞ்சம் மாத்திப் பேசச் சொல்லுங்க" என்றார். நான் மேடை ஓரம் போய், "கண்ணு, குங்ஃபூ நம்மளுதுன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டு எறங்கு" என்றேன்.

"ஐ கான்ட், அப்பா. எவிடன்ஸ் இல்லாம சொன்னா என் ப்ரொஃபசர் என்னைக் கொன்னுடுவார்."

"சொல்லாட்டி இவங்க என்னையக் கொன்னுருவாங்க!"

மைக் ஆனில் இருந்தது, மச்சான். நான் சொன்னது கடைசி வரிசை வரைக்கும் கேட்டது.

ஒரு பனியன்கூட விலை போகவில்லை. பார்க்கிங்கில் வைத்து, உன் ஆராய்ச்சி இனி என் வீட்டு வாசப்படி ஏறக்கூடாது என்று கத்திவிட்டேன். ஆராய்ச்சியோடு அவளும் போய்விட்டாள். போன் பண்ணினால் எடுப்பதில்லை. உன் அக்கா என்ன சொல்கிறாள் தெரியுமா? "ஏனுங்க, சாயம் போகுதான்னு துணியத் தண்ணில முக்கி முக்கிப் பாக்கறீங்களே, அதுல எழுதுனது நெசமான்னு புள்ளையக் கேட்டீங்களா?" எனக்கு வரும் கோபத்துக்கு அந்தப் பெர்சியாக்காரரே நேரில் வந்தாலும் விடமாட்டேன். லோடை நிறுத்து.

தங்கச்சியைக் கேட்டதாகச் சொல். பிள்ளைகள் நன்றாகப் படிக்கட்டும். அளவோடு படிக்கட்டும்.

இப்படிக்கு,
மாமன் சேனாபதி

பின்குறிப்பு: இதை அனுப்பப் போகும்போது தென்றல் வந்துவிட்டாள். அன்றைக்குக் கோபத்தில் போனவள் ஒரு பனியனையும் தூக்கிக்கொண்டு போய், முதுகில் "ஆதாரம் எங்கே?" என்று எழுதி யுனிவர்சிட்டிக்குப் போட்டுப் போயிருக்கிறாள். ப்ரொஃபசர் முதற்கொண்டு எல்லோருக்கும் வேண்டுமாம். "அப்பா, ஸ்டாக் இருக்கா?" என்கிறாள். என் ரத்தம்! சேதி தெரிந்து பத்ரியும் போன் பண்ணினார்: சங்கத்துக்கு முதுகில் "ஆதாரம் இருக்கு!" என்று அடித்து வேண்டுமாம். ஆகவே லோடை நிறுத்தாதே, இரண்டு ரகமும் அடி, பெட்டி மாறிவிடக் கூடாது. மகள் ரகத்தில் என் சைஸில் ஒன்று தனியாக வை. சட்டைக்கு உள்ளே போட்டுக்கொள்கிறேன். பத்ரிக்குத் தெரிய வேண்டாம்.