பல்லில்லாத கீரியும் போனில்லாத நாகமும்

ஒரு காட்டில் ஒரு கீரி இருந்தது. எந்தக் காடு, எந்த ஜில்லா என்று குறுக்கே கேட்பவர்களுக்கு இந்தக் கதை கிடையாது. அவர்கள் போய் வரைபடம் பார்த்துக்கொண்டிருக்கலாம். கீரியின் பெயர் மாசிலாமணி. தொழில், பாம்பு அப்புறப்படுத்துவது. கோழியோ, மைனாவோ, முயலோ, யார் வீட்டில் பாம்பு புகுந்தாலும் அவனிடம் வந்து சொல்லவேண்டியது. அவன் காரியத்தை முடித்துவிட்டு ஒரு முட்டை கூலி வாங்கிக்கொள்வான். முட்டையைக் காப்பாற்ற முட்டையே கூலியா என்று சிரிக்க வேண்டாம். நிலத்தைக் காப்பாற்ற நிலத்தை விற்று வக்கீல் வைக்கிறவர்கள் நம்மிலும் இருக்கிறார்கள்.

கீரி வம்சத்துக்கு ஒரு தொழில் தர்மம் உண்டு. போகிற இடத்தை யாரிடமும் சொல்லக் கூடாது, கட்டின பெண்டாட்டியிடம்கூட. எதிர்காற்றில் போக வேண்டும், சருகு மிதிக்கக் கூடாது. பாம்பின் கண் எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் நிற்கவே கூடாது. முடிந்ததும் வந்த வழியே மூச்சு விடாமல் திரும்பிவிட வேண்டும்.

இதில் ஒரு சங்கடம். வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது என்றால் செய்ததும் தெரியாது. பொழுது விடிந்து பார்க்கிற கோழி, "பாம்பைக் காணோமே! எல்லாம் முனியப்பன் கிருபை" என்று முனியப்பனுக்கு முட்டை வைத்துவிடும். மாசிலாமணி புதருக்குப் பின்னால் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருப்பான். முனியப்பனோடு போட்டி போட முடியுமா?

முனியப்பன்கூடப் பரவாயில்லை. சித்திரவேல் என்று ஒரு மயில் அதே தொழிலில் இறங்கியிருந்தது. பாம்பு தானாக உரித்துப் போட்ட சட்டையைக் காலடியில் போட்டு, தோகையை விரித்து, கழுத்தை ஒரு வெட்டு வெட்டி, படம் எடுத்துத் 'தொழில்தோப்பு'வில் போட்டுவிடும். தொழில்தோப்பு என்பது தொழில் செய்கிறவர்கள் ஒருவரையொருவர் தெரிந்துகொள்ளவும், தெரியாவிட்டாலும் பாராட்டிக்கொள்ளவும் ஏற்பட்ட இணையதளம். காட்டு நடுவில் போன் கோபுரம் முளைத்த நாளிலிருந்து அத்தனை மிருகமும் அதில்தான் கிடந்தன. கோபுரத்தடியில் சார்ஜ் போட வரிசை நிற்கும். யானைக்கு மட்டும் வரிசை கிடையாது. யானையிடம் யார் போய் வரிசை பேசுவது?

காட்டில் பாதி வேலை மயிலுக்குப் போயிற்று. மாசிலாமணி வளையில் முட்டை வாசனையே அற்றுப்போயிற்று.

"பிள்ளைங்க வெட்டுக்கிளி தின்னு தின்னு, நடக்க மறந்து தத்திக்கிட்டுத் திரியுதுங்க. வாயைத் தொறந்து நாலு பேருகிட்ட சொன்னாத்தான் என்ன?" என்றாள் மனைவி பொற்கொடி.

"தொழில் தர்மம்னு ஒண்ணு இருக்குடி."

"அதைக் கொண்டாங்க, வறுத்துப் போடறேன்."

மறுநாளே மாசிலாமணி குளத்தங்கரைக்குப் போனான். அங்கே மணவாளன் என்ற தவளை 'தொழில் முன்னேற்ற ஆலோசகர்' என்று தாமரை இலையில் பலகை வைத்திருந்தது.

"அண்ணே," என்றது தவளை, "நான் என்ன பெரிய காரியம் பண்ணிட்டேன்? மழைக்காலத்துல கத்துறேன். மழை அது பாட்டுக்கு வருது. ஆனா ஊரு என்ன சொல்லுது? தவளை கத்திச்சு, மழை வந்திச்சு! கத்தாம இருந்திருந்தா எனக்கு இந்த இலை கெடைச்சிருக்குமா?"

மாசிலாமணிக்கு அது நியாயமாகப் பட்டது. ஒரு பழைய போன் தேடிப் பிடித்து, தோப்பில் கணக்குத் தொடங்க உட்கார்ந்தார்கள். பதவி என்ற கட்டத்தில் 'பாம்பு பிடிக்கிறவன்' என்று போட்டான். தவளைக்குக் கண் இன்னும் கொஞ்சம் வெளியே வந்தது.

"அழிங்கண்ணே, மொதல்ல! 'நிறுவனர், தலைமை நிர்வாகி, கீரி அண்டு கீரி. ஊர்வன இடமாற்ற வல்லுநர்'னு போடுங்க."

"ரெண்டாவது கீரி யாருப்பா?"

"வீட்டுல அண்ணி இல்ல? அவங்களை மனிதவள இயக்குநராப் போட்டுடுவோம்."

அன்று மாலை இதைக் கேட்ட பொற்கொடி, "நம்ம வீட்டுல மனுசன் ஏதுங்க?" என்று கேட்டுவிட்டு நண்டு பிடிக்க ஓடைக்குப் போய்விட்டாள்.

கணக்குத் தொடங்கினால் போதாது, ஆள் சேர்க்க வேண்டும் என்றது தவளை. ஒவ்வொரு முகமாக வரும். வேண்டியவர் முகத்தில் 'இணை' என்று அழுத்த வேண்டும். மாசிலாமணி போனை முன்னால் வைத்துக்கொண்டு குந்தினான். முயல் முகம் வந்தது, யோசித்தான். ஆமை வந்தது, பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டான். அடுத்து வந்தது ஒரு சாரைப்பாம்பின் முகம். அவ்வளவுதான். ஏழு தலைமுறை ரத்தம் சும்மா இருக்குமா? உடம்பு மயிர் சிலிர்த்தது, முதுகு வில்லானது, பாய்ந்து ஒரே அடி! அடி விழுந்த இடம் 'இணை'. அடுத்து விரியன், பாய்ந்தான். பச்சைப்பாம்பு, பாய்ந்தான். தண்ணீர்ப்பாம்பைக்கூட விடவில்லை. மூச்சு வாங்க நிமிர்ந்தபோது, காட்டில் உள்ள பாம்பு அத்தனைக்கும் நட்பு வேண்டி ஓலை போயிருந்தது.

"மோசம் போனேனே!" என்று தலையில் கை வைத்தான்.

ஆனால் பாம்புகள் எல்லாம் சம்மதித்துவிட்டன. எங்கே இருக்கிறான் என்று தெரியாத கீரியைவிட, தினம் எங்கே போகிறான் என்று எழுதிவைக்கிற கீரி நல்லதில்லையா?

முதல் வேலை காட்டுக்கோழி கனகவல்லியிடமிருந்து வந்தது. மூங்கில் புதரில் சாரைப்பாம்பு புகுந்துவிட்டதாம். மாசிலாமணி ஓசைப்படாமல் கிளம்பினான். தவளை வழி மறித்தது. "எழுதாமப் போனா நீங்க போனதா யாரு நம்புவா?"

எழுதினான்: 'நாளை உச்சிவேளை, மூங்கில் புதர், திருமதி கனகவல்லி இல்லத்தில் களம் இறங்குகிறேன். இந்த வாய்ப்புக்கு மனம் நெகிழ்கிறேன்.' எழுதும்போது செத்துப்போன அப்பா புதருக்குப் பின்னால் நின்று முறைப்பதுபோல இருந்தது.

மறுநாள் உச்சிவேளைக்குப் போனால் பாம்பு இல்லை. புதரை மூன்று சுற்று மோந்தான். வெறும் சட்டைதான் கிடந்தது. சொல்லிவிட்டு வந்தால் எந்தப் பாம்பு உட்கார்ந்திருக்கும்? வெட்கத்தோடு நழுவப் பார்த்தவனைக் கனகவல்லி பிடித்துக்கொண்டாள்.

"அண்ணே! நீங்க வர்றீங்கன்னு தெரிஞ்சதுமே ஓடிட்டானே! அந்த மயிலு வந்தா ஆடுது, பாடுது, பாம்பு பக்கத்துல நின்னு வேடிக்கை பாக்குது. உங்க பேரைக் கேட்டே ஓடுதுன்னா..." என்று ஒன்றுக்கு இரண்டாக முட்டை வைத்தாள்.

போனைப் பார்த்தான். சாரைப்பாம்பு கீழே எழுதியிருந்தது: 'வாழ்த்துகள் ஐயா. முன்கூட்டியே தெரிவித்தமைக்கு நன்றி. காலி செய்துவிட்டேன்.'

அதற்குப் பிறகு மாசிலாமணி சருகைப் பார்த்து நடக்கவில்லை. நடக்கவே இல்லை என்றும் சொல்லலாம். வளைவாசலில் சாய்ந்துகொண்டு, நாளைக்கு இன்ன இடம் என்று எழுதுவான். அங்கிருக்கும் பாம்பு பெட்டி படுக்கையோடு அடுத்த புதருக்குக் குடிபோகும். அடுத்த புதர்க்காரன் அலறியடித்துக்கொண்டு மாசிலாமணியைக் கூப்பிடுவான். கிணற்றில் வாளி ஏறி இறங்குகிற மாதிரி ஒரே பாம்பு ஊரைச் சுற்றிச் சுற்றி வர, முட்டை மட்டும் ஒரே இடத்தில் வந்து சேர்ந்தது.

பாம்புகளுக்கும் ஒரு கௌரவப் பிரச்சினை இருந்தது. சும்மா எழுத்தைப் படித்துவிட்டு ஓடினேன் என்றால் சொந்தபந்தம் மதிக்குமா? ஆகவே ஆளுக்கொரு சான்றுரை எழுதிவைத்தன. 'மாசிலாமணி ஐயாவோடு மூன்று நாழிகை போராடினேன்' என்றது தண்ணீர்ப்பாம்பு. எல்லாவற்றையும் தூக்கியடித்தது அந்தச் சாரைப்பாம்பு எழுதியதுதான்: 'ஐயா முன்னால் நின்றுகொண்டே பின்னால் கடிப்பார். எப்படி என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.'

மாசிலாமணி அதைத் திரும்பத் திரும்பப் படித்தான். நாளாக ஆக, அப்படித்தான் செய்தோமோ என்று அவனுக்கே ஒரு நினைப்பு வந்தது.

முட்டையோடு தேனடையும் வந்தது. தேன் தின்று தின்று பல் ஆடியது. ஆடின பல் ஒவ்வொன்றாக விழுந்தது. வயிறு தரையைத் தொட்டது.

"கடிச்சுப் பொழைக்கிற சாதிக்குப் பல்லு வேணாமா?" என்றாள் பொற்கொடி. அவள் இன்னும் ஓடைக்குப் போய் நண்டு ஓட்டைக் கடித்துத் தின்றுகொண்டிருந்தாள். முட்டையை நம்பிப் பல்லைக் கெடுத்துக்கொள்ள முடியாது என்பது அவள் கட்சி.

"முட்டைக்குப் பல்லு எதுக்குடி? மனிதவள இயக்குநர் பேசுற பேச்சா இது?"

இப்படியிருக்கையில் மேற்கு மலையில் பாறை சரிந்து, அங்கே குடியிருந்த ஒரு கிழ நாகம் இடம் தேடி இறங்கி வந்தது. அதற்குத் தோப்பும் தெரியாது, போனும் கிடையாது. கண்ணில் பட்ட முதல் வளை வசதியாக இருந்ததால் வாலைப் பின்னுக்கு உள்ளே விட்டு, வாசலில் சுருண்டு, தலையை வெளியே நீட்டிக்கொண்டது. அது மாசிலாமணியின் வளை. உள்ளே பொற்கொடியும் குட்டிகளும் இருந்தார்கள்.

தவளையோடு தேநீர் குடித்துவிட்டுத் திரும்பிய மாசிலாமணி, தூரத்திலேயே பார்த்துவிட்டான். பழக்க தோஷம், உடனே எழுதினான்: 'இன்று, இப்போது, என் இல்லத்திலேயே களம் இறங்குகிறேன்.'

நாகம் அசையவில்லை. ஆனால் காடு அசைந்தது. கனகவல்லி குடும்பத்தோடு வந்தாள், முயல்கள் வந்தன, மயில் சித்திரவேல், கீரி கிழிபடுவதைப் படம் எடுக்க நல்ல கிளையாகப் பார்த்து உட்கார்ந்தது. சில பாம்புகள்கூட வந்து மரியாதையான தூரத்தில் நின்றன.

"அண்ணே, விடாதீங்கண்ணே, பாயுங்கண்ணே!" என்று கூட்டம் கத்தியது.

நாகம் படம் விரித்துக் கேட்டது: "என்னடா இது கூட்டம்? நடுவுல அது என்ன, பூசணிக்காயா?"

"கீ... கீரிங்க."

"கீரியா? வாயைத் தொற பாப்போம்."

மாசிலாமணி வாயை இறுக மூடிக்கொண்டான். உள்ளேயிருந்து குட்டிகளின் அழுகை கேட்டது. ஓடிவிட்டால் தொழில் போச்சு, தொழிலைவிட, வீடு போச்சு. பாயலாம் என்றால் எதை வைத்துக் கடிப்பது? கையில் இருந்தது போன் ஒன்றுதான். அதை மெதுவாக நாகத்தின் முன்னால் தள்ளினான்.

"ஐயா வெளியூரு. என்னைப் பத்தித் தெரியாது. ஒரு வார்த்தை விசாரிச்சிட்டு அப்புறம் சண்டைக்கு வாங்க."

"அதுவும் சரிதான்," என்றது நாகம். "கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய்னு எங்கப்பாரு சொல்வாரு." பிளந்த நாக்கால் போனைத் தள்ளித் தள்ளிப் படிக்க ஆரம்பித்தது. விரியன் எழுதியதைப் படித்தது. தண்ணீர்ப்பாம்பு எழுதியதைப் படித்து, "மூணு நாழிகையா!" என்று வியந்தது. மாசிலாமணியைப் பார்த்தது, போனைப் பார்த்தது, மறுபடி வயிற்றைப் பார்த்தது. "இல்லையே, நம்பற மாதிரி இல்லையே" என்று இன்னும் குனிந்து, கண்ணைச் சுருக்கிக்கொண்டு, சாரைப்பாம்பின் சான்றுரைக்கு வந்தது.

'ஐயா முன்னால் நின்றுகொண்டே...'

"முன்னாடி நின்னுக்கிட்டே பின்னாடி கடிக்கிறதா? யாரு காதுல பூ..."

நாகம் வாக்கியத்தை முடிக்கவில்லை. "ஆ!" என்று ஒரு முழம் எகிறியது. மாசிலாமணியைப் பார்த்தது, அவன் அதே இடத்தில், வாயை மூடியபடி நின்றான். "ஐயோ, எழுதினது அத்தனையும் நெசம்!" என்று அலறிக்கொண்டு, கூட்டத்தைப் பிளந்து, மலைப்பக்கம் பார்க்காமல் நேரே ஆற்றைப் பார்த்து ஓடியது.

காடு ஆர்ப்பரித்தது. கனகவல்லி ஆனந்தத்தில் அங்கேயே ஒரு முட்டை இட்டுவிட்டாள். மயில் தோகையை மடக்கிக்கொண்டு இறங்கி வந்து, "அண்ணே, கிளை ஆபீஸ் ஏதாச்சும் போடறதா இருந்தா..." என்று இழுத்தது.

மாசிலாமணிக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் நெஞ்சு நிமிர்ந்தது. சான்றுரையில் எழுதியிருந்தது மெய்தான் போலிருக்கிறது. நம்மை அறியாமலே நமக்கு அந்த வித்தை கைவந்திருக்கிறது. அந்தத் திருப்தியில் போனை எடுத்து எழுதத் தொடங்கினான்: 'இன்று நான் கற்ற பாடம்...'

அப்போது வளைக்குள்ளிருந்து பொற்கொடி வந்தாள். வாய் நிறைய ஏதோ இருந்ததால் பேசவில்லை. குட்டிகளை ஒவ்வொன்றாக வெளியே தள்ளிவிட்டு, கணவன் முன்னால் வந்து துப்பினாள். விரல் நீள வால் நுனி.

"பாம்புக் கண்ணு எந்தப் பக்கம் இருக்கோ அந்தப் பக்கம் நிக்கக் கூடாதுன்னு உங்கப்பாரு சொன்னாரே, ஞாபகம் இருக்கா?" என்றாள். "எவ்வளவு நேரந்தான் காத்துக்கிட்டிருக்கறது? அது தலை குனிஞ்சு படிக்க ஆரம்பிச்ச பெறகுதான் எனக்குத் தோது வந்திச்சு. போனும் ஒண்ணுக்கு ஒதவத்தான் செய்யுது."

மாசிலாமணி வால் நுனியைப் பார்த்தான். கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தான். யாரும் கவனிக்கவில்லை; எல்லாரும் அவனைப் பற்றி எழுதுவதில் மும்முரமாக இருந்தார்கள். காலால் மண்ணைத் தள்ளி வாலை மூடினான்.

"பொற்கொடி, உன்னை இணை நிறுவனராப் போட்டுடறேன்."

"பட்டமெல்லாம் நீங்களே வெச்சுக்குங்க," என்றாள் அவள், பல்லிடுக்கில் சிக்கிய செதிலை எடுத்தபடி. "அந்த முட்டைக் கூடையை இப்படி நகத்துங்க."

ஒரு வாரம் கழித்து நாகமும் போன் வாங்கி, தோப்பில் சேர்ந்து, முதல் வேலையாக மாசிலாமணிக்குச் சான்றுரை எழுதியது. வால் போனதைப் பற்றி அதில் பெருமையாகவே எழுதியிருந்தது.

நீதி: பல் போனால் சொல் போச்சு என்று பெரியவர்கள் சொன்னது தவறு. சொல் உன்னிடம் இருந்தால் போதும். பல் வீட்டில் யாரிடமாவது இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்.