மூன்று கிளாஸும் அப்பாவின் மூக்கும்

அப்பா சாராயத்தை விட்டுவிட்டதாக அறிவித்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்து வந்து பாணும் பருப்பும் தின்றுகொண்டிருந்தோம். கதிரையிலிருந்து எழும்பி நின்றுதான் அறிவித்தார். வாயில் பாண் இருந்தது.

"இண்டையில இருந்து சாராயம் எண்ட சாமானை இந்தச் சவிரிமுத்து கையாலயும் தொடமாட்டான்."

அம்மா பருப்புச் சட்டியைச் சுரண்டினா. "வாயால?"

"வாயாலயும்தான். இனி நான் குடிக்கிற ஆளில்ல, றோசு. ரசிக்கிற ஆள்."

"இருந்து சாப்பிடுங்க. ரசம் ஒழுகுது."

ரசிகர் பிறந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். சண்டை முடிந்த பிறகு எங்கள் கண்டக்குழிக் கரைக்குக் காற்றாடியில் தொங்கிக்கொண்டு கடலில் சறுக்குகிற ஆட்கள் வரத் தொடங்கினார்கள். அவர்கள் பின்னால் விடுதிகள் வந்தன. அப்பா முஸம்மில் நானாவின் படகை ஓட்டி, விருந்தாளிகளுக்கு டொல்பின் காட்டுவார். அந்த ஞாயிறுக்கு முதல் நாள் ஏற்றிப்போன ஆள் பெங்களூர்க்காரர். நூறு டொல்பின் ஒன்றாகத் துள்ளியதைக் கண்ட சந்தோசத்தில், பின்னேரம் அப்பாவை விடுதிக்குக் கூப்பிட்டு, தன் நாட்டு விஸ்கி கொஞ்சம் ஊற்றிக் கொடுத்திருக்கிறார். அப்பா ஒரே மடக்கில் முடித்துவிட்டுக் கிளாஸை மேசையில் குத்தினாராம். பெங்களூர்க்காரர் கண்ணை மூடிக்கொண்டாராம், செத்தவீட்டில் நிற்கிற ஆள்மாதிரி.

பிறகு பாடம் நடந்தது. அந்தக் குரலை அப்பா செய்து காட்டினார். அப்பா பிழையாகச் செய்ததை நான் திருத்திச் செய்கிறேன்: "அண்ணா, அப்படி இல்லீங்க. இது சிங்கிள் மோல்ட். ஒரே ஆலையில, பார்லியில மட்டும் செஞ்சது. முதல்ல மூக்கு. அப்புறம் ரெண்டு சொட்டுத் தண்ணி. அப்புறந்தான் வாய். எங்க ஊர் வெயிலுக்கு மரப்பீப்பா சீக்கிரம் வேலை செய்யும், ஆனா வருஷா வருஷம் நிறைய ஆவியாப் போயிடும். அதுக்குத் தேவதைகளோட பங்குன்னு பேரு."

அப்பாவுக்கு இந்தக் கடைசி வசனம்தான் ஏறியது. தேவதைகளை எங்கள் கோயில் பேச்சில் சம்மனசுகளாக்கிக்கொண்டார்.

"சம்மனசுகள் குடிச்சு வச்ச மிச்சத்தைத்தான் மனிசன் குடிக்கிறான். விளங்குதா, றோசு? அதில பாவமே இல்ல."

"இஞ்சயும் அப்பிடித்தான்," எண்டா அம்மா. "நீங்க உழைக்கிறது வீட்டுக்கு வாற வழியில ஆவியாப் போகுது. சம்மனசு ஆரெண்டுதான் இன்னும் தெரியேல்ல."

சங்கதி இத்தோடு முடிந்திருந்தால் நல்லது. ஆனால் விடுதி மனேஜர் றொபின்சன், அப்பா மூக்கைக் கிளாஸுக்குள் விட்டதைப் பார்த்திருக்கிறான். இந்திய விருந்தாளிகள் கூடுகிறார்கள். பாரில் மூன்று வகை இந்திய மோல்ட் இறக்கியாகிவிட்டது. எது எவருக்குப் பொருந்தும் என்று சொல்லிக் கொடுக்க ஓர் ஆள் தேவை. ஊர் மீனவனே சொன்னால் விருந்தாளிக்குப் புதினமாக இருக்கும். றொபின்சன் எதையும் மூக்கால்தான் பேசுவான். "அண்ணை, மூண்டு குட்டிப் போத்தல் தாறன். ஒரு கிழமை பழகுங்க. வாற ஞாயிறு பேர் ஒட்டாம மூண்டு கிளாஸ் வைப்பன். எது எதெண்டு சரியாச் சொன்னா பார் உங்கட பொறுப்பு. கடலுக்குப் போகத் தேவையில்ல."

பார் அப்பாவின் பொறுப்பு. இதைக் கேட்டு அம்மா சிரிக்கவில்லை.

ஏழு வருடத்துக்கு முந்தி அப்பா கற்பிட்டிப் பக்கம் ஒரு சாராயக் கடையில் வேலைக்கு நின்றார். முதலாம் மாதம் சம்பளம் வந்தது. இரண்டாம் மாதம் அப்பா மட்டும் வந்தார். மூன்றாம் மாதம் அப்பாவைக் கொண்டுவந்தார்கள். நாலாம் மாதம் அம்மாவின் தையல் மெஷினைக் கொண்டுபோனார்கள். என் புதுநன்மைப் படத்தில், முதல் நற்கருணை வாங்கிய நாளில், வெள்ளை உடுப்போடு நான் நிற்கிறேன், பக்கத்தில் அம்மா நிற்கிறா, அப்பா இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கதிரை இருக்கிறது. கதிரை படத்தில் நல்ல வடிவாக விழுந்திருக்கிறது. கடலுக்குப் போகத் தொடங்கிய பிறகுதான் அப்பா பகலிலாவது மனிதரானார். குடித்த ஆளை முஸம்மில் நானா படகில் கால்வைக்க விடமாட்டார்.

அந்த முஸம்மில் நானா வேலியடிக்கு வந்தார்.

"தங்கச்சி, அந்த ஹறாம் சாமானப் பத்தி எனக்கொண்டும் தெரியா. இந்தாள் பாருக்குப் போனா என்ட போட்டுக்கு ஆளில்ல. அத உடுங்க. ஒங்கட ஊட்டுக்கே ஆளில்லாமப் போகும்."

"போகமாட்டார், நானா."

"எப்பிடித் தடுக்கப் போற?"

"தடுக்கிறதோ? நான் பழக்கிவிடப் போறன்."

அன்று பின்னேரமே அம்மா அப்பாவின் முன்னால் வந்து நின்றா. குரலில் சீனி.

"இஞ்சேருங்க. நீங்களே ஊத்தி நீங்களே சொன்னா அது சோதினையே? நான் குசினிக்குள்ள ஊத்திக்கொண்டு வாறன். நீங்க மணந்து சொல்லுங்க."

அப்பாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "கேட்டியா, ஷானிகா? இப்பிடி ஒரு மனிசி இந்தக் கரையில இல்ல. கொப்பியை எடு. நான் சொல்லுறதை எழுது."

குசினிக்குள் அம்மா மூன்று குட்டிப் போத்தலையும் வரிசையாகத் திறந்தா. அம்மா கருவாட்டு வாடியில் தரம் பிரிக்கிறவ. மூடையை அவிழ்க்காமலே எத்தனையாம் நாள் உப்பென்று சொல்லுவா. முதல் போத்தலை மணந்தா. "தேன். வெட்டின அன்னாசி." அடுத்தது. "பொச்சுமட்டைப் புகை போட்ட மீன்." மூன்றாவது. "நத்தார் கேக்குக்கு ஊறப்போட்ட முந்திரிகை வத்தல்." பிறகு மூன்றையும் இறுக்கி மூடி, அரிசி வாளிக்குள் தாழ்த்தினா.

"அம்மா, அப்ப அப்பாவுக்கு?"

அம்மா பின்பக்கம் போய் எஞ்சின் சாமான் பெட்டியைத் திறந்தா. ஸ்பானருக்கும் கிறீஸ் டின்னுக்கும் நடுவில் சாராயப் போத்தல் ஒன்று சுகமாகப் படுத்திருந்தது. அதில் அரைவாசி, வெறுந்தேத்தண்ணி அரைவாசி. கலக்கி, றொபின்சன் தந்த கால்வைத்த கிளாஸ் மூன்றிலும் ஊற்றினா. மூன்றிலும் ஒரே சாமான்.

"போத்தலைக் காணேல்லயெண்டு கேக்கமாட்டாரோ?"

"எப்பிடிக் கேப்பார்? அவர்தான் சாராயத்தை விட்டிட்டாரே."

அப்பா கண்ணை மூடினார். கிளாஸைச் சுழற்றினார். மூக்கை உள்ளே விட்டார்.

"முதலாவது, புகை. தூரத்தில ஒரு ஊர் எரியுது. ஆரோ அழுகினம்."

"ஆர் அழுகினம்?" எண்டு கேட்டேன்.

"கேள்வி கேக்காத. எழுது. ரெண்டாவது... ஆ. இது நத்தார். பாலன் பிறந்த ராத்திரி. பெட்டி திறக்காத புதுச் சட்டை. கேக். மூண்டாவது, தேன். ஒரு பொம்பிள பூ வச்சுக்கொண்டு ஒழுங்கையால போறா."

"எந்தப் பொம்பிள?" எண்டா அம்மா.

"உதாரணத்துக்கு, றோசு."

"எந்த ஒழுங்கை?"

"உதாரணத்துக்கு எண்டு சொல்லிப்போட்டன்."

அம்மா தட்டத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றா. "அப்ப இதுக்கும் சாராயத்துக்கும் என்ன வித்தியாசம்?"

அப்பா என்னைப் பார்த்து இரக்கமாகச் சிரித்தார், படிக்காத பெண்ணைக் கட்டிய துன்பம் உனக்கு விளங்கும்தானே என்கிற சிரிப்பு. "அது கழுதை, இது குதிரை. சாராயம் இப்ப பக்கத்தில வந்தாலே எனக்கு வயித்தைப் பிரட்டிச் சத்தி வரும்." அதைச் சொல்லிவிட்டு மூன்று கிளாஸ் சாராயத்தையும் முடித்தார்.

கிழமை முழுக்க இந்தப் பூசை நடந்தது. திங்கட்கிழமை எரிந்த ஊர் செவ்வாய்க்கிழமையும் எரிந்தது. பூ வைத்த பெண் தினமும் அதே ஒழுங்கையால் போனா. இடது பக்கம் புகை, நடுவில் கேக், வலது பக்கம் தேன். அப்பாவின் மூக்கு கிளாஸுக்குள் போகமுதலே வாய் சொல்லி முடித்துவிடும். இருபது வருடம் குடித்த சாராயத்தை அந்த மனிதருக்கு அடையாளம் தெரியவில்லை. கிளாஸுக்குக் கால் முளைத்திருந்தது, அவ்வளவுதான்.

அம்மா ஒவ்வொரு நாளும் தேத்தண்ணியைக் கூட்டிச் சாராயத்தைக் குறைத்தா. "நாளுக்கு நாள் நாக்கு நுட்பமாகுது, றோசு," எண்டார் அப்பா. "இப்ப மெல்லிசான சுவையெல்லாம் பிடிபடுது."

சனிக்கிழமை வெறும் தேத்தண்ணி. ஒரு சொட்டுச் சாராயம் இல்லை.

அப்பாவுக்கு வெறி ஏறியது. கண் சிவந்தது. கால் பின்னியது. வாசற்கதவைப் பிடித்துக்கொண்டு கூத்துப் பாட்டுப் பாடினார். ராசா, மந்திரி, சேவகன் மூன்று பேருக்கும் தானே பாடினார். பிறகு கதிரையிலே நித்திரையாகிவிட்டார். நான் சிரித்துச் சிரித்து நிலத்தில் உருண்டேன். அம்மா கிளாஸ்களைப் பொறுக்கிக்கொண்டு நின்றா.

"அப்ப இத்தினை வருஷமும் சாராயமே தேவைப்படேல்ல," எண்டு மட்டும் சொன்னா. அதற்குப் பிறகு எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஞாயிறு பின்னேரம் விடுதிக்குப் போனோம். அப்பாவுக்கு மடிப்புக் கலையாத சட்டை. அம்மாவின் கையில் ஒரு சீலைப் பை. பாரில் ஆட்கள் இல்லை. றொபின்சன் மூன்று கிளாஸ் வைத்தான்.

அப்பா முதலாவதைத் தூக்கினார். "புகை. தூரத்தில ஒரு ஊர்..."

"அது தேன்மாதிரி வாறது, அண்ணை."

அப்பா ஒரு மடக்குக் குடித்தார். குடித்தவர் இருமினார். ஒரு கிழமை தேத்தண்ணியில் வளர்ந்த தொண்டை. கண்ணில் தண்ணீர் வந்தது. இரண்டாவதைத் தொட்டு நத்தார் என்றார். அதுதான் புகை. மூன்றாவதைத் தேன் என்றார். அது கேக்.

"இது கள்ளச் சரக்கு, தம்பி," எண்டார் அப்பா. "நான் பழகினது இது இல்ல. உங்கள ஆரோ ஏமாத்திப்போட்டான்."

"அதே சாமான்தான் அண்ணை நான் உங்களுக்குத் தந்தது."

அம்மா சீலைப் பையைத் திறந்து மூன்று குட்டிப் போத்தலையும் மேசையில் வைத்தா. மூன்றும் கழுத்து வரைக்கும் நிறைந்திருந்தன.

றொபின்சன் ஒன்றைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தான். "அண்ணை ஒரு சொட்டும் குடிக்கேல்லயே."

"குடிச்சவர். இதை இல்ல."

"அப்ப எதை?"

"அப்ப எதை, றோசு?" அப்பாவும் கேட்டார்.

"உங்கட எஞ்சின் பெட்டியில இருந்ததை. தேத்தண்ணி விட்டு."

அப்பா கணக்குப் பார்த்தார். என் போத்தல் என்று சொன்னால் விட்ட சாராயம் திரும்பி வந்துவிடும். "எஞ்சின் பெட்டியில போத்தல் இருக்கிறதெண்டு எனக்குத் தெரியாது," எண்டார்.

"எனக்கும் தெரியாமத்தான் இருந்தது. கிழமைக்குக் கிழமை தன்ர பாட்டில நிறையுது."

றொபின்சன் சிரிப்பை அடக்கிக்கொண்டு போத்தல் மூடிகளைத் தடவினான். "இதுகளைத் திறந்திருக்கு."

"என்ட வீட்டுக்குள்ள வாறது என்னெண்டு நான் பாக்க வேண்டாமோ?" அம்மா மேசையிலிருந்த கிளாஸ்களை ஒவ்வொன்றாக மூக்கடிக்குக் கொண்டுபோனா. உதட்டில் படவில்லை. "பழகாத ஆளுக்கு முதல் இந்தத் தேனைக் குடுங்க. புகையை முதல் நாளே குடுத்தா எழும்பிப் போயிடுவான். அதைக் கேட்டு வாறவனுக்கு மட்டும் குடுங்க. இந்தக் கேக் மணக்கிறது சாப்பாட்டுக்குப் பிறகு." கடைசிக் கிளாஸைத் திரும்ப மணந்தா. குரலைத் தாழ்த்தினா. "தம்பி, இதுல தென்னஞ்சாராயம் கலந்திருக்கு. கனக்க இல்ல. குறைஞ்சதை நிரப்பினமாதிரி."

றொபின்சன் கதவுப் பக்கம் பார்த்தான். இந்த முறை மூக்கால் இல்லை, வாயால் பேசினான்.

"அது... அக்காவைச் சோதிக்கத்தான் கலந்தனான்."

"ஓமோம். பார்ச் சாவி ஆரிட்ட இருக்கு?"

"என்னட்டத்தான்."

"இனி என்னட்டத் தாங்க."

அவன் கொடுத்துவிட்டான். அப்பா சாவியைப் பார்த்தார், சாவி போன இடுப்பைப் பார்த்தார், முஸம்மில் நானாவின் படகு கட்டிக்கிடந்த திசையைப் பார்த்தார்.

"கருவாட்டு வாடியிலயா அக்கா இந்த மூக்கைப் பழகினீங்க?"

"கருவாட்டுக்கு எங்க பொய் சொல்லத் தெரியும்?" எண்டா அம்மா. "நான் பழகினது என்ட வாசல்ல. இவர் வந்து நிண்டு 'நான் இண்டைக்குக் குடிக்கேல்ல, றோசு' எண்டு சொல்லுவார். நான் வாயடியில மணந்து பாப்பன். கள்ளா, கசிப்பா, சாராயமா. எந்தக் கடை. எத்தினை கிளாஸ். என்ட மூக்கு ஒரு நாளும் பிழைச்சதில்ல. பதினேழு வருஷம், தம்பி."

அம்மா அதைச் சிரித்துக்கொண்டுதான் சொன்னா. வேறு ஒருவரும் சிரிக்கவில்லை.

றொபின்சன் மேசை லாச்சியிலிருந்து வேலைப் படிவம் ஒன்றை எடுத்து, அம்மாவுக்கு நிரப்பிக் கொடுக்கச் சொல்லி என்னிடம் தந்தான். முன் அனுபவம் என்ற இடத்தில் பதினேழு வருடம் என்று எழுதினேன். அது உண்மைதான் என்று நேரில் தெரிந்த ஒருவர் உறுதிப்படுத்த வேண்டுமாம்.

அப்பா கையெழுத்து வைத்தார்.